நீங்கள்தான் மழை!

சிங்கப்பூரில் காலம் கனிந்து வராது. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிக்குள் இருக்கும் ஊர் இது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி வெப்பமும் மிகச் சூடான மாதத்தின் சராசரியும் இரண்டு டிகிரிக்குள் அடங்கிவிடும். மழை வரும், வெயில் வரும், மறுபடி மழை வரும். வசந்தம் மட்டும் வராது.

ஆனாலும் சிராங்கூன் சாலை அஞ்சடியில் தேநீர்க் குவளையோடு நின்று பேசுகிறவர்களின் வாயில் ஒரே வாக்கியம்தான்: "நல்ல காலம் வரட்டும், பார்க்கலாம்." பாதியில் நின்ற படிப்பைத் தொடரக் காலம் வர வேண்டும். சொந்தமாகக் கடை போடக் காலம் வர வேண்டும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்ணுக்கும் காலம் வர வேண்டும். அன்பர்களே, எந்தக் காலம்? இந்த ஊரில் நாட்காட்டி மாறுகிறது, பருவம் மாறுவதில்லை. இங்கே காத்திருப்பவருக்கு யாரும் வந்து 'இப்போது' என்று சொல்ல மாட்டார்கள்.

இதை எனக்கு உறைக்கும்படி சொன்னவை பூக்கிழங்குகள். அல்லியம் என்ற அலங்கார வெங்காயத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நம் சாம்பாரில் போடும் வெங்காயத்தின் உடன்பிறப்பு அது. அதில் ராட்சத வகை, மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளுக்குச் சொந்தமானது. ஒரு மீட்டருக்கும் மேல் நிமிரும் தண்டு, அதன் உச்சியில் பந்து போல ஊதா நிற மலர்க்கொத்து. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் இலையுதிர்காலத்தில் நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, பிறகு எழும். அதே கிழங்கைச் சிங்கப்பூரில் நட்டால் இலை விடலாம், பூ வராது. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "இந்த மண்ணுக்கு ஆகாது."

மண்ணைக் குறை சொல்லாதீர்கள்! அந்தக் கிழங்கைப் பிளந்து பாருங்கள். கோடையில் இலைகள் காய்ந்து, கிழங்கு வெறுமனே உறங்குவது போலக் கிடக்கும் நேரத்திலேயே அதன் நடுவில் அடுத்த பூ கடுகளவில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. துலிப் கிழங்கிலும் இதுவேதான். கடையில் விலை கொடுத்து நீங்கள் கையில் வாங்கும்போதே பூ உள்ளே இருக்கிறது. குளிர் பூவை உண்டாக்குவதில்லை. தண்டை நீட்டு, வெளியே வா என்று அறிவிக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால், அல்லது நடு இரவில் நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டால், இந்தக் கிழங்கை நினைத்துக்கொள்ளுங்கள். குறைவது பூ அல்ல, அறிவிப்பு.

அந்த அறிவிப்பை மனிதர் கொடுக்க முடியும். 1920-களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் பிளாவ் என்ற அறிவியலாளர், கிழங்குகளை எந்த வெப்பத்தில் எத்தனை வாரம் வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று அறுத்து அறுத்துப் பார்த்தார். அன்றிலிருந்து பனிக்காலம் கிடங்கின் அறைக்குள் வந்துவிட்டது. கரையோரப் பூந்தோட்டத்தின் மலர்க் குவிமாடத்தில் 2013 முதல் துலிப் திருவிழா நடக்கிறதே, வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே, அந்தப் பூக்களுக்குப் பின்னாலும் இந்தக் கணக்குதான். இந்தத் தீவில் வெப்பம் 19 டிகிரிக்குக் கீழே இறங்கியதாகப் பதிவே இல்லை. அப்படிப்பட்ட தீவில் துலிப் பூக்கிறது!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி வீவக வீட்டு நடைவழியில் ராட்சத அல்லியத்தை வைத்துப் பணத்தைக் கரைக்க நான் உங்களைத் தூண்டவில்லை. இரவிலும் 26 டிகிரி நிற்கும் இடத்தில் அது தவிக்கும். தன்னம்பிக்கை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கையில் இருப்பது எந்தக் கிழங்கு, அது எந்த அறிவிப்புக்குக் காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிற பொறுமைதான் தன்னம்பிக்கையின் முதல் வேலை. தேக்கா சந்தையில் சீனப் பெரியவர் கட்டுக் கட்டாக விற்கும் கூ சாய் இருக்கிறதே, அதுவும் ஒரு அல்லியம்தான். பனிக்காலம் கேட்காது. நல்ல வெயிலும் வடிகிற மண்ணும் கொடுத்து, இலையை ஓயாமல் அறுக்காமல் விட்டால் வெள்ளை நட்சத்திரங்களாகப் பூக்கும். மேசையில் வைத்தால் அலங்காரம், வாணலியில் போட்டால் கறி.

நம் சின்ன வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். தலைமுறை தலைமுறையாக அதைக் காயை ஊன்றித்தான் பயிர் செய்தார்கள். ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ வெங்காயத்தை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். சின்ன வெங்காயம் விதைக்கு ஆகாது என்பது ஊரறிந்த பேச்சு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் அந்தப் பேச்சோடு நிற்கவில்லை. தாராளமாகப் பூத்து விதை பிடிக்கும் ரகத்தைத் தேடி எடுத்து, கோ 5 என்று பெயரிட்டுக் கொடுத்தார்கள். இன்று ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ விதை போதும். ஆகாது என்ற சொல்லுக்கு எவ்வளவு விலை கொடுத்துக்கொண்டிருந்தோம், பாருங்கள்.

பக்கத்து வீட்டையும் பாருங்கள். சீனப் புத்தாண்டுக்குச் சில வாரம் முன்பு சைனாடவுன் கடைகளில் நீர் நார்சிசஸ் கிழங்குகள் வந்து குவியும். ஃபூஜியன் மாநிலத்து ஜாங்ஜோவிலிருந்து வரும் கிழங்குகள் அவற்றில் பேர்பெற்றவை. வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம் அவையும். கத்தியால் செதுக்கி, தாம்பாளத்து நீரில் நிறுத்தி, நீரை மாற்றி மாற்றி, வேகமாக வளர்ந்தால் குளிர வைத்தும், மெதுவாக வளர்ந்தால் வெளிச்சத்துக்கு நகர்த்தியும், புத்தாண்டு அன்று சரியாகப் பூ விரியும்படி வளர்க்கிற பாட்டிகளை நான் வணங்குகிறேன். பூக்கும் நாளை அவர்கள் குறிக்கிறார்கள். பூ அந்த நாளுக்கு வந்து சேர்கிறது.

இனி இந்த ஊரின் வீட்டுத் தோட்டத்திலிருந்தே ஒரு பெண்மணியின் கதை. ஆர்மீனிய வம்சாவளியில் வந்த ஆக்னெஸ் ஜோக்கிம், தஞ்சோங் பகாரில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு ஆர்கிட் வகைகளைக் கலப்பினம் செய்தார். அப்படிப் பிறந்த புதிய செடியைப் பூமலை என்று நாம் அழைக்கும் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்ரி ரிட்லி 1893-ல் உலகுக்கு அறிவித்தார். ஆர்கிட் விதை தூசு போன்றது. தனக்கென்று உணவு வைத்திருக்காது. அதைக் கண்ணாடிக் குடுவையில் முளைக்க வைக்கும் முறையை நட்சன் என்ற அறிவியலாளர் வெளியிட்டதே 1922-ல்தான். அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்னால், ஆய்வுக்கூடம் இல்லாமல், ஒரு பெண் வீட்டுத் தோட்டத்தில் அதைச் சாதித்தார்! 1899-ல் மலர்க் கண்காட்சியில் அந்தப் பூ முதற்பரிசு வென்றது. அதே ஆண்டில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

பிறகு என்ன பேசினார்கள் தெரியுமா? ஏதோ ஒரு தேனீ மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும், அந்தம்மா தற்செயலாகக் கண்டெடுத்திருப்பார் என்றார்கள். அந்தப் பூ 1981-ல் நாட்டின் தேசிய மலரானது. அதன் பின்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. உருவாக்கியவர் அவரே என்பது அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது 2016-ல். உங்கள் உழைப்பையும் நாளைக்கு யாராவது தேனீயின் கணக்கில் எழுதுவார்கள். "அதிர்ஷ்டம் அடிச்சுது" என்பார்கள். எழுதட்டும். ஆக்னெஸ் சான்றிதழ் வந்த பிறகு மகரந்தத்தைத் தொடலாம் என்று உட்கார்ந்திருந்தால் இன்று நம் நாணயங்களிலும் அஞ்சல்தலைகளிலும் பார்க்க என்ன பூ இருந்திருக்கும்?

"எனக்கு இடம் இல்லை" என்கிறீர்களா? 2005-லிருந்து தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டங்களை வளர்த்துவருகிறது. உங்கள் வட்டாரத்திலும் ஒன்று இருக்கலாம், போய்க் கேளுங்கள். பூங்காக்களில் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தியை வாடகைக்குத் தருகிறார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் நடைவழியில் 1.2 மீட்டர் வழிவிட்டு, தொட்டித் தட்டில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு தொட்டி வையுங்கள். ஒரு தொட்டி போதும் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

அந்தத் தொட்டியில் மழை லில்லியை நடுங்கள். இந்த ஊர்ச் சாலையோரங்களில் மழைக்குப் பிறகு திடீரென்று இளஞ்சிவப்பாக விரியும் சின்னப் பூ அதுதான். அதுவும் வெங்காயக் குடும்பத்துக் கிழங்குதான், மலிவாகக் கிடைப்பது. அதற்குப் பனி வேண்டாம், நீண்ட பகல் வேண்டாம். வறட்சிக்குப் பின் வரும் மழையே அதற்கு அறிவிப்பு. தினமும் பாசத்தோடு ஒரு குவளை ஊற்றிக்கொண்டே இருந்தால் பச்சைப் புல்லாகவே நின்றுவிடும், ஏனென்றால் எந்த நாளும் இன்னொரு நாளைப் போலவே இருக்கிறது. கூரையுள்ள நடைவழியில் மழை விழாது. அங்கே மழை நீங்கள்தான்!

வெயில் படும் ஓரத்தில் வையுங்கள். செடி வேர் பிடித்துத் தழைத்த பிறகு மூன்று நான்கு வாரம் காய விடுங்கள். இலை கொஞ்சம் வாடினாலும் மனம் இளகாதீர்கள். நீங்கள் குறித்த நாளில் மண் முழுக்க ஊறும்படி ஊற்றுங்கள். அடுத்த சில நாட்களில் மொட்டு மண்ணைவிட்டு எழும். வீட்டில் ஏற்கெனவே ஒரு மழை லில்லித் தொட்டி பூக்காமல் நிற்கிறதா? இன்றைக்கே தண்ணீரை நிறுத்துங்கள்.