மௌனமும் பொய்ச்சான்றே

அரசு வழக்குரைஞரின் கடமை வழக்கில் வெல்வதா, உண்மையைக் காப்பதா?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 1997-இல் நடந்த கொலையொன்றைத் தூண்டியதாக ரிச்சர்டு கிளாசிப் மரண தண்டனை பெற்றார். கொலை செய்தவனே அவருக்கு எதிரான முதன்மைச் சாட்சி. தன் மனநோய்ச் சிகிச்சையைப் பற்றி அவன் பொய் சொன்னான். அறிந்தும் அரசுத் தரப்பு அதைத் திருத்தவில்லை. தண்டனையை நிறைவேற்ற ஒன்பது முறை நாள் குறிக்கப்பட்டது.

பின்னர் அம்மாநிலத் தலைமை வழக்குரைஞரே தம் தரப்பின் தவற்றை ஏற்றார். 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. அவர் குற்றமற்றவர் என்று அது கூறவில்லை. பொய்யின்மேல் எழுந்த தீர்ப்பு நிலைக்காது என்றே கூறியது.

அத்தகைய தீர்ப்பு கொலையுண்டவருக்கும் நீதியாகாது. எட்டாம் கட்டளை பொய்யுரைக்கும் நாவை மட்டுமன்று, பொய்யை அறிந்தும் அடங்கியிருக்கும் நாவையும் கண்டிக்கிறது அன்றோ?