வயிற்றில் புண் என்று சொன்னேன்

2011 பெப்ரவரி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனை அறை. டொக்டர் கதிரையை இழுத்து அம்மாவுக்கு நேரே போட்டு அமர்ந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் சொன்னார்: பெருங்குடலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, முற்றாகக் குணப்படுத்த இயலாது. பிறகு என் பக்கம் திரும்பினார். அம்மாவும் திரும்பினார்.

"என்னவாம் மோனை?"

"வயித்தில புண்ணாம் அம்மா. மருந்து எடுத்தா மாறுமாம்."

மருந்து ஏற்றினால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், உடம்பு படுத்தும், அவருக்கு விருப்பமா என்று கேட்கச் சொன்னார் டொக்டர். நான் கேட்டது இப்படி: "பெலமான மருந்து ஒண்டு ஏத்தலாமாம், சரியாக் களைக்குமாம். வேண்டாம்தானே?" அம்மா, "உனக்குத் தெரியும்தானே" என்றார். தன் தாய்க்கு விருப்பமில்லை என்று ஒரு மகன் சொன்னதை டொக்டர் நம்பினார்.

அன்றிரவு அக்கா வீட்டில் கூடிப் பேசினோம். நான் செய்தது சரி என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா தாங்கமாட்டா என்றார்கள்.

எந்த அம்மா? 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில் போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் ஒரே பாதையில் இறங்கியபோது, கொக்குவிலில் வீட்டைப் பூட்டிவிட்டு, நடக்க முடியாத மாமியாரைச் சைக்கிளில் இருத்தி, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியவர். 56 வயதில் புது நாட்டுக்கு வந்து, கண் தெரியாத குளிரில் பஸ்ஸுக்கு நிற்கப் பழகியவர். அவருக்கு ஒரு சொல்லைத் தாங்க முடியாது என்று, பாலத்தைத் தாண்டியபோது அவரோடு வந்த நாங்கள் தீர்மானித்தோம்.

அம்மா இன்னும் நான்கு மாதம் இருந்தார். புண் என்று சொன்னதால் மிளகாய்த்தூளை விட்டார். மீன்குழம்பை விட்டார், புளியை விட்டார். பால்கஞ்சியும் அவித்த காய்கறியுமாக அந்த நான்கு மாதத்தையும் கழித்தார். மே மாதத்தில் அத்தான் ஒடியற்கூழ் காய்ச்சினார். நண்டும் றாலும் பலாக்கொட்டையும் போட்ட கூழ். வீடெல்லாம் மணத்தது. அம்மா கதவோரம் இருந்து நாங்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் குடியுங்கோ. எனக்குப் புண் ஆறட்டும்." எழும்பிப் போய் ஒரு கோப்பையை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தால் ஏன் என்று கேட்பார். கொக்குவிலில் இருந்த தம்பியைப் பார்க்கப் போவதையும் அவர் அப்படித்தான் தள்ளி வைத்தார், வருத்தம் மாறட்டும் என்று.

பொய் வலியைக் குறைக்கிறது என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். யாருடைய வலியை? அம்மா அழுவதைப் பார்க்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இது எங்கள் பண்பாடு, வெள்ளைக்காரர்தான் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள் என்பார்கள். 1961இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் விடுவதே தம் வழக்கம் என்றார்கள். 1979இல் அதே கேள்விகளை வேறோர் அமெரிக்க மருத்துவமனையில் கேட்டபோது 97 வீதமானோர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் தலைகீழ். ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹித்தோவுக்கு 1987இல் அறுவை நடந்தது. நாட்டுக்குக் கணைய அழற்சி என்றார்கள். புற்றுநோய் என்பது 1989 ஜனவரியில் அவர் இறந்த பிறகே வெளியே வந்தது. ஆக, மறைப்பது எல்லா ஊரிலும் இருந்த பழக்கம். யோசித்த ஊர்கள் அதை விட்டன.

நன்மைக்காகச் சொல்லும் பொய்யும் மெய்தான் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்றார் அத்தான். குற்றமற்ற நன்மை தருமானால் என்று வள்ளுவர் வைத்த நிபந்தனையை விட்டுவிட்டார். அதே வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கும்போது முதலில் நோயாளியை வைக்கிறார், பக்கத்தில் நின்று பணிவிடை செய்பவரைக் கடைசியில் வைக்கிறார். நான் நான்காம் இடத்தில் இருந்துகொண்டு முதலாம் இடத்தை எடுத்துக்கொண்டேன்.

சட்டமும் எனக்கு அந்த இடத்தைத் தரவில்லை. புத்தி தெளிவாக உள்ள ஒருவரின் சிகிச்சைக்கு அவரேதான் சம்மதமோ மறுப்போ சொல்ல வேண்டும் என்கிறது ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்பே, 1980இல், ரைப்ல் எதிர் ஹியூஸ் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் அடித்தளம் போட்டுவிட்டது. ரைப்ல் 44 வயதுத் தொழிலாளி. கழுத்து நாடியில் அறுவை நடந்தது. பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தது. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருடமே இருந்தது, ஆபத்தை விளக்கியிருந்தால் அதுவரை தள்ளிப்போட்டிருப்பேன் என்றார். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அப்படியானவருக்கு விளங்கிவிட்டதா என்று மருத்துவர் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். எங்கள் அம்மாக்களைப் போல மொழி தடக்கிய ஒரு மனிதரால் இந்த நாட்டுக்குக் கிடைத்த உரிமை இது. அதை அம்மாவிடமிருந்து பறித்தது, ஆங்கிலம் தெரிந்த மகன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவா என்று தாதி கேட்டார். நான் வேண்டாம் என்றேன். வருபவர் தமிழராக இருப்பார், கதை வெளியே போகும் என்று பயந்தேன். அப்போது அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். 'கான்சர் குடும்பம்' என்று பெயர் வந்தால் சம்பந்தம் குழம்பும். அம்மாவின் மனம் தாங்காது என்று சொன்ன வாயால் இதை நாங்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த மௌனம் அம்மாவோடு முடியவுமில்லை. பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ பிள்ளைக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 50 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, எது முந்தியதோ அப்போது குடலைக் கமராவால் பார்க்கச் சொல்கிறது ஒன்ராறியோ. சிறு சதைமுளை புற்றாக மாறப் பெரும்பாலும் பல வருடங்கள் எடுக்கும். அதற்குள் கண்டால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். பாரிஸில் இருக்கும் சித்திக்கு நாங்கள் அல்சர் என்றோம். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு மாரடைப்பு என்றோம். இரண்டு வருடம் கழித்துத்தான் சித்திக்கு உண்மையைச் சொன்னேன். பரிசோதித்தபோது அவருக்கு இரண்டு முளைகள் இருந்தன, எடுத்தார்கள். இடையில் போன அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் வயிறு பதறுகிறது.

தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இருக்கிறார்கள், உண்மை. "முடிவு வந்திருக்கு அம்மா. உங்களுக்குச் சொல்லவா, என்னட்டையே விடவா?" என்று கேட்கலாம். விடு என்றால் விடலாம். அந்தக் கேள்விக்கு அரை நிமிடம் போதும். நான் கேட்கவில்லை.

எனக்கு இப்போது 58. போன மாதம் குடும்ப டொக்டரிடம் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன்: எந்த முடிவும் முதலில் எனக்கு, எனக்கு விளங்காவிட்டால் வெளி மொழிபெயர்ப்பாளர், வீட்டாரிடம் நான் சொன்ன பிறகே. மகள் வாசித்துவிட்டு ஒரு பிரதி எடுத்து வைத்தாள். அதே மாதிரி ஒரு தாளை மனைவிக்கும் கொடுத்தேன். அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு ஒண்டும் தெரியவேண்டாம், நீங்களே பாருங்கோ என்கிறாள். அப்படியென்றால் அதையே அந்தத் தாளில் எழுதித் தா என்று கேட்டிருக்கிறேன்.