வரப்பு வரை செல்லும் அனுமதி

சென்ற சம்பாப் பருவத்தில் ஒரு நாள் மாலை, முன்னர் என்னிடம் மதறஸாவில் ஓதிய மாணவர் ஒருவர் என் வீடு தேடி வந்தார். நெடுங்காட்டுப் பக்கம் சிறிது நிலம் வைத்துப் பயிரிடுபவர். ஸலாம் உரைத்து அமர்ந்தவர் ஒரு கேள்வியை முன்வைத்தார்:

"ஹஜ்ரத், நடவு முடிந்த வயலில் மடையானும் உள்ளானும் வந்து இறங்குகின்றன. வலைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, வயலில் வலை விரித்துக்கொள்ள அனுமதி கேட்கிறார். சரி என்றால் அதில் எனக்குப் பாவமுண்டா? கூடாது என்றால், எவருக்கும் உடைமையில்லாத பறவையை ஓர் ஏழைக்குத் தடுத்தவன் ஆவேனா?"

உடனே விடையளிக்க என் நா எழவில்லை. காரணம், அந்தக் கேள்வி என் வீட்டு அடுப்பிலிருந்தே எழுந்தது போலிருந்தது. என் சிறுவயதில் இப்படித்தான் ஒரு வலைக்காரர் அந்திப்பொழுதில் வந்து நிற்பார். "பாய், இன்னிக்கு இறங்கிக்கட்டுமா?" என்பார். வாப்பா தலையசைப்பார். விடியற்காலையில் இரண்டு பறவைகள் உயிரோடு வாசலுக்கு வரும். வாப்பா பிஸ்மில்லாஹ் கூறி அறுப்பார். உம்மா மிளகிட்டு ஆக்குவார். அந்தத் தலையசைப்புக்கு வந்த கூலியே அப்பறவைகள் என்பது அந்நாளில் எனக்குத் தோன்றவில்லை.

மார்க்கச் சட்டம் இதில் கூறுவது நுட்பமானது. காட்டுயிர் எவருக்கும் உடைமையன்று. முறைப்படி பிடிப்பவனுக்கே அது உரியதாகிறது. இமாம் நவவி அவர்கள் தம் மின்ஹாஜில், ஒருவன் நிலத்தின் சேற்றில் சிக்கிப் பறக்க இயலாமற் போன வேட்டைப் பிராணியைப் பற்றியும் பேசுகிறார்கள். சேறு அவனுடையது என்பதனாலேயே பிராணியும் அவனுடையதாகிவிடாது என்பதே வலுவான கருத்து என்கிறார்கள். காவிரியின் கடைமடையில், முழங்கால் சேற்றில் வாழும் நமக்கென்றே எழுதி வைத்தாற்போன்ற சட்டம் அன்றோ இது!

அப்படியாயின், நிலமுடையவன் தரும் அனுமதி எதற்கு? தன் வரப்பில் கால் வைப்பதற்கும் தன் சேற்றில் இறங்குவதற்குமே. பிறர் இல்லத்தினுள் இசைவு பெறாது நுழையலாகாது. திரும்பிப் போ என்றால் திரும்பிவிட வேண்டும் என்பது திருமறை கற்பிக்கும் ஒழுக்கம். வலைக்காரர் கேட்டு நின்றது அந்த ஒழுக்கத்தின்பாற்பட்டது, அது மெச்சத்தக்கதே. ஆனால் வாப்பா தந்தது வரப்பின் அனுமதி. எங்கள் வீட்டுக்கு வந்ததோ உயிரின் விலை. தம்முடையதல்லாத ஒன்றுக்கு எங்ஙனம் கூலி பெறுவது?

உயிரைப் பற்றிய கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. இஹ்ராம் உடுத்தவர்களை, கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் அருகில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டே அல்லாஹுத்தஆலா சோதிப்பதாகத் திருமறை உரைக்கிறது. எட்டுவதெல்லாம் எடுக்கத் தக்கதன்று என்பதே அதிற் கிடைக்கும் பாடம். ஒரு சிட்டுக்குருவியை நியாயமின்றிக் கொன்றாலும் மறுமையில் அதுபற்றி வினவப்படும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

இனி நாட்டுச் சட்டம். 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியையும் அடைத்தது. கொக்கும் மடையானும் உள்ளானும் கவுதாரியும் பாதுகாக்கப்பட்ட பறவைகள். நிலமுடையவன் சொல்லும் "சரி" இன்று செல்லாக்காசு.

1954 நவம்பர் 1 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டில் இக்கேள்வி வேறு விதமாக எழுந்தது. கவுதாரி, காடை, மயில் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெசன்ட் என்னும் பறவையை அங்கே விரும்பி வேட்டையாடுவர். பிரபுக்களுக்கு மட்டுமே இருந்த வேட்டையுரிமை 1789 ஆகஸ்ட் 4 இரவில் ஒழிக்கப்பட்டது. உடையவர் இசைவின்றிப் பிறர் நிலத்தில் வேட்டையாடலாகாது என 1844ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1964ஆம் ஆண்டின் சட்டமொன்றோ, பல பகுதிகளில் சிறு நிலத்தாரின் வேட்டையுரிமையை ஊர் வேட்டைச் சங்கத்திடம் கட்டாயமாக ஒப்படைத்தது. வேட்டையையே மனத்தால் வெறுத்த சிலர் வழக்காடினர். 1999 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தன் மண்ணில் கொலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை மனச்சான்றின் உரிமை என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

இதற்கு ஐரோப்பா வரை செல்லவும் வேண்டுவதில்லை. செங்கல்பட்டுச் சீமையில் வேடர் பெயரையே தாங்கிய வேடந்தாங்கல் இருக்கிறது. தங்கள் ஏரிப் பறவைகளை எவரும் சுடலாகாது என்று அவ்வூரார் காத்து வந்தனர். அவர்களது அவ்வுரிமையை 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் ஏற்றுக்கொண்டார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அம்மக்கள் அறிந்திருந்தனர். அவர்கள் மறுப்பில் அறமும் இருந்தது, விளைச்சலும் இருந்தது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, "தம்பி, கூடாது என்றே சொல்லும். அது ஏழைக்குத் தடுத்ததாகாது. உம்மால் தர முடியாததைத் தர மறுத்ததேயாகும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு உம் கடமை தீராது. வலையைச் சுருட்டிக்கொண்டு போகிறவருக்கும் வயிறு உண்டு. களையெடுப்பிலோ அறுப்பிலோ அவருக்கு வேலை கொடும். அதற்கு வழியில்லையேல் ஒரு மரக்கால் நெல்லாவது அளந்து கொடும்" என்றேன்.

அவர் எழுந்து புறப்பட்டபோது இன்னொன்றும் கேட்டேன்: "வயலுக்குக் குருணை மருந்து இடுகிறீர் அல்லவா? அதைத் தின்ற பறவை சாகக் கூடும். அதற்கு யாரிடம் அனுமதி பெற்றீர்?"

அவர் தலை கவிழ்ந்தார். வலைக்காரராவது வரப்பில் நின்று கேட்டார்; நாமோ கேளாமலே கொல்கிறோம். வலைக்குக் கதவடைத்துவிட்டு நஞ்சுக்குத் திறந்து வைப்பவன் தன்னைப் பறவைகளின் காவலன் என்று எண்ணுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

சில நாட்களுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். "மறுத்துவிட்டேன், ஹஜ்ரத். ஆனால் வலைக்காரர் பக்கத்து வயலுக்குப் போய்விட்டார். அவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். நான் மறுத்ததால் எந்தப் பறவை பிழைத்தது?" என்றார்.

பக்கத்து வயலின் கணக்கு நம் ஏட்டில் எழுதப்படுவதன்று. நம் வரப்புக்குள் நடந்தது மட்டுமே நம்மிடம் கேட்கப்படும் என்றேன். அவருக்கு நான் கூறிய விடை அது. என் வாப்பாவின் தலையசைப்பையும் அதன்பின் நான் உண்ட சோற்றையும் நினைக்கும்போது, அதே விடையை எனக்கும் சொல்லிக்கொள்கிறேன். யா அல்லாஹ், அவரையும் என்னையும் மன்னிப்பாயாக.