கேட்டுக்கொள்கிறோம்

எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு வாரமாகச் சாப்பாட்டுக்கு இடமில்லை. காலண்டர், பாஸ்போர்ட் நகல்கள், மகன் எழுதிய பட்டியல், அதில் பாதியை அடித்துவிட்டு மனைவி எழுதிய பட்டியல் என்று எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. மெல்போர்னில் இருக்கும் மைத்துனர் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 'வாங்க அத்தான், எல்லாருமா சேர்ந்து உலுரு போயிட்டு வந்துடலாம்' என்று அவர் சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

உலுருவைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், செம்மண் பாலைவனத்தில், ஒற்றையாகப் படுத்துக்கிடக்கும் சிவப்புப் பாறை. 348 மீட்டர் உயரம். பக்கத்தில் ஈஃபிள் கோபுரத்தை நிறுத்தினால்கூட பாறைதான் உசத்தி. உள்ளுக்குள் அது சாம்பல் நிறக் கல். கல்லில் இருக்கும் இரும்பு, காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடித்ததுதான் அந்தச் சிவப்பு. பல கோடி வருஷமாகப் பெயின்ட் அடிக்காத கேட் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

எப்போது போவது என்பதில்தான் முதல் சண்டை. டிசம்பர் லீவு என்றான் மகன். டிசம்பர் அங்கே கோடை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மேயிலிருந்து செப்டம்பர் வரை பகலில் 20-லிருந்து 30 டிகிரி, ராத்திரியில் பல் கிட்டிக்கும் குளிர். ஆக, நம்ம மே மாத லீவு அவர்களுடைய நல்ல சீசன். முகத்தில் மொய்க்கும் ஈயைத் தடுக்க வலைத் தொப்பி, ஆளுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று பட்டியல் நீண்டது. 'ஒரு சின்னக் கல்லு எடுத்துட்டு வரணும், ஞாபகத்துக்கு' என்று மகள் தன் பங்குக்கு எழுதி வைத்தாள்.

அப்போதுதான் பத்தாவது படிக்கும் மகன் கேட்டான்.

"அப்பா, வீடியோல பார்த்தேன். சங்கிலியைப் பிடிச்சிக்கிட்டு மேல ஏறுறாங்க. நாமளும் ஏறலாமா?"

"முடியாதுடா. 2019-லயே மூடிட்டாங்க."

"ஏன்?"

"அந்த ஊர் ஜனங்களுக்கு அது புனிதமான இடம். ஏறாதீங்கன்னு சொல்றாங்க."

"அப்ப, அதுக்கு முன்னாடி ஏறினவங்களுக்கு அது தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். இந்த வாரம் நான் உங்களிடம் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

அந்தப் பாறையின் சொந்தக்காரர்கள் அனங்கு பழங்குடி மக்கள். பல்லாயிரம் வருஷமாக அங்கே இருப்பவர்கள். 1873-ல் வில்லியம் காஸ் என்ற வெள்ளைக்கார சர்வேயர் வந்து பார்த்தார். தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலாளராக இருந்த ஹென்றி ஏயர்ஸ் பெயரை வைத்து 'ஏயர்ஸ் ராக்' என்று சொல்லிவிட்டுப் போனார். ஏற்கெனவே பெயர் இருக்கும் இடத்துக்குப் பெயர் வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்புறம் ரோடு வந்தது, டூரிஸ்ட் வந்தார்கள், 1964-ல் ஏறுவதற்கு வசதியாகப் பாறையைத் துளைத்துச் சங்கிலி போட்டார்கள்.

1985 அக்டோபர் 26-ம் தேதி, ஆஸ்திரேலிய அரசாங்கம் நிலத்தை அனங்கு மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. அதே கையோடு, தேசியப் பூங்காவாக நடத்த 99 வருஷக் குத்தகைக்கு வாங்கிக்கொண்டது. ஏறுவதை நிறுத்துவோம் என்று முதலில் கொடுத்த வாக்குறுதியும் காற்றோடு போனது. வீட்டுக்காரருக்குப் பத்திரம் கிடைத்தது. மொட்டைமாடிப் படிக்கட்டு மட்டும் ஊருக்குப் பொது!

அனங்கு மக்கள் என்ன செய்தார்கள்? மறியல் செய்யவில்லை. பாறையின் அடிவாரத்தில், பல மொழிகளில் அறிவிப்பு வைத்தார்கள். ஏற வேண்டாமே என்று கேட்டுக்கொண்டார்கள். இரண்டு காரணங்கள் சொன்னார்கள். ஒன்று, அந்தப் பாதை அவர்களுடைய மூதாதையரான மாலா ஆண்கள் இங்கே வந்தபோது ஏறிய பாதை. அவர்களுடைய தர்மத்தில் முக்கியமான இடம். இரண்டாவது காரணம்தான் என்னை உலுக்கியது. எங்கள் இடத்துக்கு வந்த விருந்தாளிக்கு அடிபட்டால் அது எங்கள் பொறுப்பு, எங்கள் துக்கம் என்றார்கள். 1950-களிலிருந்து குறைந்தது 37 பேர் அந்த ஏற்றத்தில் இறந்துபோயிருக்கிறார்கள். யார் பேச்சைக் கேட்காமல் ஏறினார்களோ, அவர்கள் சாவுக்காக இவர்கள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் அங்கே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் போர்டு, அந்தப் பக்கம் சங்கிலி. ஏறினால் அபராதம் கிடையாது, போலீஸ் கிடையாது. என்ன செய்திருப்பீர்கள்?

1990-களின் ஆரம்பத்தில் வந்தவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் ஏறினார்கள். ரொம்பக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். உங்களையும் என்னையும் மாதிரிதான். 'இவ்வளவு தூரம் செலவு பண்ணி வந்தாச்சு', 'எல்லாரும்தான் ஏறுறாங்க', 'சட்டப்படி தப்பில்லையே', 'இயற்கை எல்லாருக்கும் பொதுதானே', 'பாறைக்கு வலிக்கவா போகுது' என்று ஆளுக்கொரு சமாதானம் இருந்திருக்கும்.

பாறைக்கு வலிக்காதுதான். ஆனால், கேட்டுக்கொண்டது பாறை இல்லையே, மனிதர்கள்!

'அவங்க நம்பிக்கை எனக்கு இல்லையே' என்றும் ஒரு வாதம் உண்டு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம். பூஜையறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். அந்த வீட்டுச் சாமியை நான் நம்பினால்தான் கழற்றுவேன் என்றா சொல்கிறோம்? அந்த வீட்டு மனிதர்கள் மேல் மரியாதை இருந்தால் போதும், செருப்பு தானாகக் கழன்றுவிடும்.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. திருவண்ணாமலையில் மலையே சிவம் என்று 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறோம். (அங்கேயும் ஏறுகிறவர்கள் உண்டு என்பது வேறு கதை.) காரைக்கால் அம்மையார் கயிலாயத்தில் கால் படக் கூடாது என்று தலையாலேயே நடந்து போனதாகப் படித்து வளர்ந்தவர்கள் நாம். உலுருவைச் சுற்றியும் 10.6 கிலோமீட்டருக்கு நடைபாதை இருக்கிறது. சுற்றி வந்து பாருங்கள் என்றுதான் அனங்கு மக்களும் கூப்பிடுகிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் உங்களுக்கு வரலாம். 'எங்கள் நம்பிக்கை, எங்கள் வழக்கம், மதித்து நடந்துகொள்ளுங்கள்' என்று சொல்லித்தானே நம் ஊரில் ஒரு கூட்டத்தையே கோயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள்? அந்த வேண்டுகோளுக்கும் தலையாட்டியிருக்க வேண்டுமா? கூடாது. 1939 ஜூலை 8-ம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலித் மக்களை அழைத்துப் போனபோது மீறப்பட்டதும் ஒரு வழக்கம்தான். மீறியதால்தான் இன்றைக்கு நாம் கும்பிடுகிறோம்.

வித்தியாசம் என்ன தெரியுமா? அந்த வழக்கம், 'நீ மட்டும் வராதே' என்றது. இந்த வேண்டுகோள், 'எல்லாரும் வாங்க, யாரும் மிதிக்காதீங்க' என்கிறது. அது, இருக்கிறவன் இல்லாதவனைப் பார்த்துப் போட்ட உத்தரவு. இது, நிலத்தையே பறிகொடுத்துத் திரும்ப வாங்கியவன் விருந்தாளியிடம் கேட்பது. எந்த வேண்டுகோளையும் கேட்கிறவர் யார், யாரிடம் கேட்கிறார், மறுத்தால் யாருக்கு நஷ்டம் என்று பார்த்துத்தான் எடை போட வேண்டும். ஏறாமல் வந்தவருக்கு என்ன நஷ்டம்? ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். 2010-ல் பூங்கா நிர்வாகம் ஒரு திட்டம் போட்டது. வருகிறவர்களில் ஏறுகிறவர்கள் 20 சதவிகிதத்துக்குக் கீழே போனால் மூடிவிடுவது பற்றி முடிவெடுக்கலாம் என்றது. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 2015 வாக்கில் 16 சதவிகிதம்தான். 2017 நவம்பரில், அனங்கு மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவெடுத்தது. நிலம் கைக்கு வந்த அதே நாளில், 2019 அக்டோபர் 26-ல், ஏற்றம் நிரந்தரமாக மூடப்பட்டது.

கவனித்தீர்களா? தடை வந்ததால் ஜனங்கள் நிறுத்தவில்லை. ஜனங்கள் நிறுத்தியதால்தான் தடை வந்தது. அடிவாரம் வரைக்கும் வந்து, போர்டைப் படித்து, 'சரி, வேண்டாம்' என்று திரும்பினவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஒருத்தர் பெயரும் எங்கேயும் பதிவாகவில்லை. ஆனால், அவர்கள்தான் அந்தக் கதவைச் சாத்தினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கடைசி மாதங்களில் கூட்டம் அலைமோதியது. ஆடித் தள்ளுபடியின் கடைசி நாள் மாதிரி வரிசை. ஏறுகிற டூரிஸ்டுகளை அனங்கு மக்கள் தங்கள் மொழியில் 'மிங்கா' என்பார்களாம். எறும்பு என்று அர்த்தம். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மகள், "கல்லு எடுக்கலாம்ல?" என்றாள். அதுவும் கூடாது. ஆனால் பலபேர் எடுத்திருக்கிறார்கள். அதில் ஓர் ஆச்சரியம் என்னவென்றால், உலகத்தின் பல மூலைகளிலிருந்து அந்தக் கற்கள் பார்சலில் பூங்கா அலுவலகத்துக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன, மன்னிப்புக் கடிதத்தோடு. 'மன்னிப்புக் கற்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. எந்தக் கோர்ட்டும் அவர்களுக்கு சம்மன் அனுப்பவில்லை. அலமாரியில் இருந்த கல் சும்மா இருக்க விடவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப மண்ணு?" என்றாள். "மண்ணும்தான்."

இங்கேயே முடித்திருந்தால் நல்ல அப்பாவாக எழுந்து போயிருக்கலாம். முடியவில்லை.

பி.காம் இரண்டாம் வருஷம். மதுரைப் பக்கம் ஒரு குன்று. சமண முனிவர்களின் கற்படுக்கைகளும், மேலே ஈராயிரம் வருஷத்துக் கல்வெட்டும் இருக்கும் குகை. டூர் போன ஐந்தாறு பேர், காம்பஸ் முனையால் பாறையில் அவரவர் பெயரைச் செதுக்கினோம். நான் என் இனிஷியலோடு இன்னோர் எழுத்தும் சேர்த்தேன். (மனைவிக்குத் தெரியும்.) ஐந்து வருஷத்துக்கு முன் குழந்தைகளுக்குக் கல்வெட்டைக் காட்ட அங்கே கூட்டிப்போனேன். என் எழுத்து அப்படியே இருந்தது. மகன் அதைத் தடவிப் பார்த்து, 'யாருப்பா இப்படி எழுதினது?' என்று கேட்டான். 'யாரோ அறிவுகெட்டவன்' என்றேன். பொய் இல்லை; முழு உண்மையும் இல்லை.

முழு உண்மையை அன்றைக்கு டைனிங் டேபிளில் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எழுதாதீங்கன்னு போர்டு இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலதான் எழுதினேன்."

கல்லை எடுத்தவன் பார்சலில் திருப்பி அனுப்பலாம். செதுக்கினவன் எதை அனுப்புவான்? அந்த எழுத்தைச் சுரண்டினால் பாறைக்கு இன்னொரு காயம். நான் செத்த பிறகும் அது அங்கே இருக்கும்.

உலுருவில் இப்போது ஏற முடியாது. அதனால் இந்தக் கேள்வி முடிந்துபோன கேள்வி என்று நினைக்காதீர்கள். அடிவார நடையில் சில இடங்களில், 'இங்கே போட்டோ எடுக்க வேண்டாம்' என்று அறிவிப்பு இருக்கிறது. அந்தப் பாறை முகங்கள் அவர்களுக்கு வேதம் மாதிரி. அங்கேயே நின்று பார்க்க வேண்டியவை, எடுத்துக்கொண்டு போகக் கூடாதவை. ஆளில்லாத பாலைவனம், கையில் மொபைல், விடிகாலை வெளிச்சத்தில் தகதகவென்று பாறை. எடுத்தால் யார் பார்க்கப்போகிறார்கள்?

டிக்கெட் இன்னும் போடவில்லை. மே மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டியலில் மகளின் கல் இப்போது இல்லை. அவளேதான் அடித்தாள். நல்லவர்களாகிவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. போர்டுக்கு முன்னால் போய் நிற்கும்போதுதான் தெரியும். அங்கே நானும் என் மகனும் மட்டும் நிற்போம். அவன் போர்டைப் பார்க்க மாட்டான், என்னைத்தான் பார்ப்பான்.

உங்கள் பிள்ளையும் அப்படித்தான். அதற்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. 'கேட்டுக்கொள்கிறோம்' என்று முடிகிற போர்டு உங்கள் தெருவிலேயே ஒன்று இருக்கும், பாருங்கள்.