அந்தப் பாரம் யாருடையது?



ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், கோவில் வாசற்படியோரமாக, எந்நேரமும் எழுந்து வெளியே போகத் தோதான இடமாகப் பார்த்து நிற்கிற ஒரு தாயை நீங்கள் கண்டிருப்பீர்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் அவள் கையைப் பிடித்திருப்பான். பிரசங்க நேரத்தில், கோவில் முழுவதும் அமைதியாயிருக்கையில், அவன் திடீரென்று உரக்கக் கூவுகிறான். ஐம்பது தலைகள் திரும்புகின்றன. அவள் அவனை அணைத்தபடி வெளியேறுகிறாள். மறு ஞாயிறு அந்த இடம் காலியாயிருக்கிறது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

அவளைப் போகச் சொன்னவர் யார்? ஒருவருமில்லை. கடுஞ்சொல் சொன்னவரும் இல்லை. நாம் திரும்பிப் பார்த்தோம், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு குடும்பம் நம் நடுவிலிருந்து போய்விட்டது. தீங்கொன்றும் நினையாத பலர் கூடி ஒரு தீங்கைச் செய்துவிட முடியுமா? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

"அது அவர்கள் வீட்டு விஷயம், நாம் போய் விசாரித்தால் மனம் புண்படும்" என்பார் சிலர். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று தெரியாமலே ஒதுங்குகிறவர்கள் நம்மில் பலர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மரியாதையினால் ஒதுங்குகிறவரும், அருவருப்பினால் ஒதுங்குகிறவரும் அந்தத் தாயின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவார்கள். நம் உள்நோக்கம் நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரிவது நம் முதுகு மாத்திரமே.

லூர்து நகரின் பெயரைக் கேளாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லை. எத்தனையோ கோவில்களில் அந்தக் கெபியைக் கட்டி வைத்திருக்கிறோம். நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்து முன்வரிசைக்குக் கொண்டுவருகிற இடம் அது. அந்த லூர்துக்கே, 1968-ம் ஆண்டில், பிரான்சு தேசத்துத் தம்பதிகள் இருவர் தங்கள் இரு ஆண்பிள்ளைகளுடன் போக விரும்பினார்கள். பிள்ளைகள் இருவருமே கடுமையான ஊனத்தோடு பிறந்தவர்கள். மேற்றிராசன யாத்திரையில் சேர்த்துக்கொள்ளும்படி பெற்றோர் கேட்டபோது, "இவர்களுக்கு ஒன்றும் விளங்காது, மற்ற யாத்திரீகருக்குத் தொந்தரவாயிருக்கும்" என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் தனியே புறப்பட்டுப் போனார்கள். அங்கே தங்க இடங்கொடுத்த விடுதியும் ஒரு நிபந்தனை போட்டது: மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, சாப்பாடு அறைக்கே வரும்.

நோயாளிகளுக்கென்றே பெயர் பெற்ற ஊரில் நடந்தது இது! அங்கேயே அப்படியானால், நம் கோவில் வாசற்படியில் நடப்பதில் ஆச்சரியம் என்ன?

அந்தப் பெற்றோரின் துக்கத்தை மரி-எலேன் மாத்தியூ என்ற அம்மையாரும் ழான் வானியே என்பவரும் கேட்டறிந்தார்கள். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்றே லூர்துக்கு ஒரு யாத்திரை நடத்துவதென்று தீர்மானமாயிற்று. மூன்று வருஷம் ஆயத்தம் செய்தார்கள். ஊருக்கு ஊர் பெற்றோரும், பிள்ளைகளும், சிநேகிதரும் சிறு சிறு கூட்டங்களாகக் கூடிப் பழகினார்கள். 1971-ம் ஆண்டு பாஸ்குத் திருநாளன்று சுமார் 12,000 பேர் லூர்தில் கூடினார்கள். அவர்களில் ஏறக்குறைய 4,000 பேர் ஊனமுற்றவர்கள். யாத்திரை முடிந்தும் கூட்டங்கள் கலையவில்லை. 'விசுவாசமும் ஒளியும்' என்ற பெயரில், மாதந்தோறும் கூடிப் பேசி, செபித்து, பாடி மகிழ்கிற அந்த வழக்கம் பல தேசங்களுக்குப் பரவிற்று.

ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. ழான் வானியே 2019-ல் காலமானார். தம்மை நம்பி வந்த பெண்கள் சிலருக்கு அவர் பெரிய அநீதி இழைத்தார் என்பது 2020-ல் விசாரணையில் வெளியாயிற்று. இதில் நமக்குப் பாடமுண்டு. துன்பப்படுகிற குடும்பங்களைத் தாங்குகிற வேலையை ஒரு பெரிய மனிதரின் தலையில் கட்டிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு நிற்பது ஆபத்து. அது பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய வேலை. பல கண்களுக்கு முன்பாக நடக்க வேண்டிய வேலை.

இனி நம் கேள்விக்கு வருவோம். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு நாம் செய்வது தர்மமா, கடனா?

அந்தத் தாய் சுமப்பது இரண்டு பாரங்கள். தூங்காத இரவுகள், ஊட்டிவிட ஒரு மணி நேரம், வளர வளரக் கனக்கிற உடம்பைத் தூக்கிக் குளிப்பாட்டுதல், வைத்தியச் செலவு: இவை பிள்ளையின் நிலைமையால் வந்த பாரம். "வயிற்றிலிருக்கும்போது என்ன சாப்பிட்டாய்?", "யார் செய்த பாவமோ?" என்ற பேச்சு, கலியாண வீட்டுக்கு அழைப்பு வராமை, அடுத்த பெண்ணுக்கு வரன் தட்டிப் போகுமோ என்ற பயம்: இவை பிள்ளை கொண்டுவந்த பாரமல்ல. இவற்றை அவள் தலையில் ஏற்றியவர்கள் நாம். பிறவிக் குருடனைப் பார்த்து, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டதும், இருவருமல்ல என்று ஆண்டவர் மறுத்ததும் அருளப்பர் சுவிசேஷத்தில் உண்டு. அவர் தள்ளிய கேள்வியை நாம் இன்னும் விடவில்லை.

ஆகையால், முதற்பாரத்தில் கைகொடுப்பது தர்மமாயிருக்கலாம். இரண்டாம் பாரத்தை இறக்குவது தர்மமல்ல. நாம் வைத்ததை நாமே எடுத்துக்கொள்வது. அதற்கு நன்றி எதிர்பார்க்கவும் நமக்கு உரிமையில்லை.

அப்படியானால் செய்வதென்ன?

முதலாவது, காரணம் கேட்பதையும், கைகண்ட மருந்து சொல்வதையும் நிறுத்துவோம். அதற்குப் பதிலாகப் பிள்ளையின் பெயரைக் கேட்போம். அவனுக்கு எது பிடிக்கும், எந்தச் சத்தம் பிடிக்காது என்று கேட்போம். பதில் சொல்ல அந்தத் தாய்க்கு எவ்வளவோ இருக்கும்.

இரண்டாவது, நேரத்தைக் கொடுப்போம். பணம் கொடுப்பது எளிது. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது கடினம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவள் தன் தாயைப் போய்ப் பார்ப்பாள். அல்லது சும்மா படுத்துத் தூங்குவாள். எப்படி ஊட்டுவது, எப்படித் தூக்குவது என்பதை அவளிடமே கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவராகப் போகாமல் இரண்டு மூன்று வீட்டார் முறைவைத்துப் போவது நல்லது.

மூன்றாவது, இப்படிப்பட்ட பெற்றோர் ஒருவரையொருவர் சந்திக்க இடம் செய்வோம். நாம் நூறு வார்த்தை சொல்லித் தேற்றுவதைவிட, அதே வழியில் நடந்த இன்னொரு தாய் "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்வது அதிகம் தேற்றும். உபயோகமான செய்திகளும் அவர்களிடமே கிடைக்கும். 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது; நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையென்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க, 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தக் கடைசிச் செய்தி சிறியதன்று. அப்பெற்றோரின் நெஞ்சில் இரவும் பகலும் நிற்கிற கேள்வி ஒன்றே: "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" சட்டம் ஒரு காப்பாளரைக் குறிக்கலாம். அந்தக் காப்பாளர் எங்கிருந்து வருவார்? அவனை ஐந்து வயது முதல் அறிந்த, அவன் கூச்சலுக்கு அர்த்தம் தெரிந்த ஒரு வீட்டிலிருந்துதானே வர வேண்டும்? இன்று நாம் பழகாவிட்டால் அன்றைக்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "யாரிடமும் கையேந்த மாட்டோம்" என்ற உங்கள் மானம் பெரிது. அயலார் ஒருமுறை அறியாமல் பேசியது இன்னும் வலிக்கலாம். ஆயினும் கதவைத் தட்டுகிறவருக்கு இன்னொரு தடவை திறந்து பாருங்கள். முதல் நாள் தவறாகவே பேசுவோம். பொறுத்துச் சொல்லிக்கொடுங்கள்; கற்றுக்கொள்வோம்.

வாசகரே, வருகிற ஞாயிறு அந்த வாசற்படியோரத்தைப் பாருங்கள். காலியாயிருந்தால், பூசை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அந்த வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். அவர்கள் வந்திருந்தால், உங்கள் வரிசையில் சற்று நகர்ந்து இடம்விடுங்கள். பையன் கூவினால் கூவட்டும். திரும்பிப் பார்ப்பதானால் சிரித்த முகத்தோடு திரும்புங்கள்.