அடிப்பக்கம்

இளையரசனேந்தல் வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டிய அதே பலகையில்தான் நான் போர் விமானங்கள் ஒட்டுகிறேன். சின்னப் பொருளைப் பிசகாமல் ஒட்டுகிற கை அவளிடமிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்வேன். "இதுக்குப் போயி இம்புட்டு ரூவாயா?" என்பதைத் தவிர அவளுக்கு இதில் வேறு புகார் இல்லை.

பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, கடைசியில் நீரில் ஊறிய டெக்கால்களை நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஒரு ஜெட்டுக்கு எனக்கு இரண்டு மாதம் ஆகும். நான் செய்வதெல்லாம் 1/72 அளவு. நிஜத்தில் 72 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ. ஐந்தரை அடி ஆள் 2.3 செ.மீ. ஆகிவிடுவார்.

போன வருஷம் கிபிர் செய்தேன். இஸ்ரேல் தயாரிப்பு. பிரெஞ்சு மிராஜின் உடல்வாகு, உள்ளே அமெரிக்காவின் ஜே79 எஞ்சின். பெயருக்கு ஹீப்ரூவில் சிங்கக்குட்டி என்று அர்த்தம். முக்கோண இறக்கை, அதற்கு முன்னால் சின்னதாக இன்னொரு ஜோடி. அழகான விமானம். இப்போது இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அழகுதான்.

எட்டயபுரம் பக்கம் அகதி முகாமில் வளர்ந்த நண்பன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். சின்ன வயதில் வன்னியிலிருந்து படகேறி வந்தவன். அலமாரியில் இருந்ததை எடுத்து நேராகக் கவிழ்த்துப் பிடித்தான்.

"கிபிர்தானே? மேல்பக்கம் இப்பிடியா இருக்கும்? நான் வயித்தை மட்டும்தான் மச்சான் பார்த்திருக்கிறன்."

கோபமெல்லாம் இல்லை. வைத்துவிட்டு டீ குடித்தான். நான்தான் அவசரமாக, "சும்மா பிளாஸ்டிக்தானேடா" என்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொன்னேன்?

மாடல் செய்பவர்கள் பலரும் அடிப்பக்கத்தில் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. அலமாரியில் வைத்தால் தெரியாது. என் கிபிரின் வயிற்றிலும் ஒட்டிய கோடு அப்படியே இருந்தது. அவன் வாழ்ந்த இடத்திலிருந்து தெரிந்த ஒரே பக்கத்தைத்தான், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் விட்டிருந்தேன்.

இலங்கை விமானப்படைக்குக் கிபிர் வந்தது 1996இல். வன்னியில் அது ஒரு பொதுச்சொல்லாகவே ஆனது. "கிபிர் வருது" என்றால் பங்கருக்குள் ஓட வேண்டும். 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மேல் ஜெட்கள் குண்டு வீசியதில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவிகள். அரசு அதைப் புலிகளின் பயிற்சி முகாம் என்றது. அவர்கள் பள்ளி மாணவிகள் என்று யுனிசெஃப் சொன்னது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜெட் ஆயிரம் மீட்டர் உயரத்தில் பறப்பதாக வைத்துக்கொண்டால், 1/72இல் அது சுமார் 14 மீட்டர். ஒரு பனை உயரம். என் மேஜையில் நிற்கும் கிபிருக்குப் பனை உயரத்துக்குக் கீழே, இரண்டு செ.மீ. உயரப் பெண்கள் நிற்க வேண்டும். கிட் பெட்டியில் விமானி இருந்தான். கீழே இருப்பவர்களை எந்தப் பெட்டியிலும் போட்டுத் தருவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை, 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 1/72 அளவில் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்துதரக் கேட்டது. தூரத்தில் வருவது யாருடைய விமானம் என்று வீரர்கள் உருவத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பழகுவதற்கு. வானத்தை அண்ணாந்து பார்க்கிறவனுக்கும் பயன்பட்ட பொருள் அது. என்னிடம் வரும்போது மேலிருந்து ரசிக்கிற பொருளாகிவிட்டது.

சரி, கிபிர் அவர்களுடையது, நம்ம விமானங்களில் வம்பில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாமா? அலமாரியில் பக்கத்திலேயே இந்திய விமானப்படை வட்டத்தோடு ஒரு ஹண்டர் நிற்கிறது. 1966 மார்ச்சில் மிசோ கிளர்ச்சியின்போது நம் ஐசால் நகர் மேலேயே குண்டு வீசிய நம் விமானங்களில் ஹண்டரும் உண்டு. அதை ஒட்டியபோது எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை, மிசோரத்திலிருந்து டீ குடிக்க யாரும் வந்ததில்லை என்பதால். என் மனசாட்சி வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வேலை செய்கிறது போல.

உடைத்துப் போட்டிருக்கலாம். அது அவனுக்காகச் செய்கிற நாடகமாக இருந்திருக்கும். பதிலாக வயிற்றுப் பக்கத்துக் கோட்டை நிரப்பி, தேய்த்து, மறுபடி பெயின்ட் அடித்தேன். இதனால் யாருக்கும் ஒரு நியாயமும் கிடைத்துவிடாது என்று தெரியும்.

குண்டுகள் மட்டும் இன்னும் சட்டத்திலேயே இருக்கின்றன. ஒட்டாமல் விட்டால் பார்க்க லட்சணமாக இருக்கிறது, ஆனால் அது பொய். ஒட்டினால்தான் அது கிபிர். மூன்று மாதமாகப் பசையைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.