கம்பியின் கீழ் வாழ்பவர்

நெய்வேலியில் பிறக்கும் மின்சாரம் நெய்வேலியிலேயே தங்கிவிடுவதில்லை. 1962-இல் இங்கு முதல் மின்னாக்கி இயங்கத் தொடங்கிய நாள்முதல், பழுப்பு நிலக்கரியின் வெப்பம் ஒளியாக மாறித் தொலைதூர ஊர்களுக்குச் சென்றுகொண்டிருக்கிறது. முதலாம் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு கொண்டது. அதன் பின்னர் எழுந்த நிலையங்கள் அப்பணியைத் தொடர்கின்றன. விளக்கைப் போடுகிறவர், இவ்வொளி எவருடைய வயலைக் கடந்து நம்மிடம் வந்தது என்று எண்ணிப் பார்க்கிறாரா? இக்கேள்வியையே வாசக அன்பர்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறோம்.

மேலே செல்லும் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்துவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். புதைப்பதற்கு ஆகும் செலவு பன்மடங்கு. அதனை யார் கொடுப்பது என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு நம் நாட்டில் வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. தமிழகத்துப் புகலூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்கு 320 கிலோவோல்ட் நேர்மின் பாதையொன்று 2021 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. தமிழகப் பகுதியில் அது கோபுரங்களின் மேல் செல்கிறது. கேரளத்தின் கடைசிப் பகுதியில் மண்ணுக்குள் செல்கிறது. கொங்கு நாட்டு உழவர்கள், உயரழுத்தக் கோபுரங்களை எங்கள் வயல்களில் நடாதீர்கள். சாலையோரமாகப் புதைத்துக் கொண்டு செல்லுங்கள் என்று அதற்கு முன்பே போராடினர். ஒரே மின்சாரம் ஓரிடத்தில் புதைக்கத் தக்கதாகவும் மற்றோரிடத்தில் தகாததாகவும் எவ்வாறு ஆயிற்று என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லையென யார் சொல்ல இயலும்?

செலவு மிகுதி என்ற வாதத்தைச் சற்று ஆராய்வோம். மேலே செல்லும் கம்பி மலிவானது என்கிறோம். யாருக்கு மலிவு? 2018-இல் கஜா புயலில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில், தேர் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினொரு உயிர்கள் மாண்டன. இவை எந்த மதிப்பீட்டுத் தாளிலும் முன்கூட்டி எழுதப்படுவதில்லை. ஆகவே மேல்கம்பியின் விலை குறைவு என்பதைவிட, அவ்விலையில் ஒரு பகுதியைப் பட்டியலில் பெயரில்லாத ஒருவர் செலுத்துகிறார் என்பதே உண்மை.

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பில் ஒரு சிறு வழக்கு பேசப்படுகிறது. ஒருவர் தோட்டத்து மரக்கிளை அயலார் மனையின் மேல் நீண்டால், அதனை இழுத்துக் கட்டவோ வெட்டவோ செய்யுமாறு கேட்க அயலாருக்கு உரிமையுண்டு. மண்ணுக்கு உரியவருக்கு அதன் மேலுள்ள வெளியிலும் உரிமையுண்டு என்பது இதன் உட்கருத்து. ஒரு முருங்கைக் கிளைக்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், உயிர்குடிக்கும் கம்பிக்கு எத்துணை வேண்டும்! பொதுநன்மைக்காகத் தனிமனிதர் சிறிது தீங்கைப் பொறுக்கலாம் என்பதையும் சட்ட நூலார் ஒப்புவர். ஆனால் பயன் கொள்பவரே சுமையையும் ஏற்க வேண்டும் என்பதும் அவர்தம் விதியே. முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடுதல் நீதியாகாது.

அரசும் இதனை மெல்ல உணர்ந்து வருகிறது. கோபுரம் ஊன்றும் நிலத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பி செல்லும் பாதைக்கு அதிகமாய் 15 விழுக்காடும் இழப்பீடு தரலாமென்று மத்திய மின்துறை அமைச்சகம் 2015-இல் வழிகாட்டியது. 2024-இல் அவை 200, 30 என உயர்ந்தன. ஒன்பது ஆண்டுகளில் நிலத்தின் தன்மை மாறிவிடவில்லை. உழவரின் இழப்பைக் கணக்கிடும் கண்தான் மாறியது.

எனினும், புதைப்பது குற்றமற்ற வழியென்று நாம் கூறவில்லை. மாறுமின்னோட்டத்தை நெடுந்தொலைவு மண்ணுக்குள் கொண்டு செல்வது கடினம். பழுதைக் கண்டறிந்து சீர்செய்ய நாளாகும். தோண்டுவதும் ஒருவருடைய மண்ணையே. 2023 ஜூலையில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டு விளைந்து நின்ற நெற்பயிரினூடே கால்வாய் வெட்டப்பட்டதை நாடு கண்டது. மேலே போனாலும் கீழே போனாலும், எளியவரைக் கேளாது போவதே கொடுமை.

ஆகவே நம் கருத்து இது. உயிருக்கு அஞ்சும் இடங்களில், அதாவது தேரோடும் வீதி, சந்தனக்கூடு செல்லும் வீதி, பள்ளிக்கூட வாயில், புயல் தாக்கும் கடற்கரை ஆகியவற்றில், புதைக்கும் செலவு பொதுச் செலவாக வேண்டும். தானே புயல் 2011-இல் தாக்கிய கடலூரிலும், நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் உலக வங்கிக் கடனுதவியோடு அவ்வேலை மேற்கொள்ளப்பட்டது. அக்கடன் மக்கள் அனைவருடையதே, அதில் தவறில்லை. வயல்களைக் கடக்கும் பெரும்பாதைகளில், புதைக்க இயலுமிடத்துப் புதைத்தும், இயலாவிடத்து நிறைவான ஈடு தந்தும், அச்செலவை மின்சாரம் கொள்வோர் அனைவர்மீதும் சிறுசிறு தொகையாகப் பகிர வேண்டும். தெருவின் அழகுக்காக மட்டும் புதைக்க விரும்பும் செல்வர் அதனைத் தம் பணத்திலேயே செய்துகொள்ளட்டும்.

மின்கட்டணத்தில் சில காசுகள் கூடினால் முணுமுணுக்கிறோம். அக்காசுகளை நாம் தர மறுக்கும்போது, அவை இல்லாமற் போய்விடுவதில்லை. கம்பியின் கீழ் ஏர் ஓட்டும் ஒருவர் தலையில் போய் விழுகின்றன. நம் பங்கை நாமே செலுத்துவதன்றோ நேர்மை?